கைத்துப்பாக்கி தோட்டாவுக்கு எந்த பவுடர்? கொஞ்சம் நீளமான பதில்

எங்க ரேஞ்சுல சுடுற தம்பி ஒருத்தன் வேலை கிடைச்சு டெக்சாஸ் போறான். நான் அங்க இருந்த வருஷங்கள்ல வீட்லயே ரீலோடிங் பண்ணிட்டு இருந்தேன்னு அவனுக்குத் தெரியும். "அண்ணா, 9 எம்எம்முக்கு எந்த பவுடருங்ணா பெஸ்ட்டு, பேரு மட்டும் சொல்லுங்க, போனதும் வாங்கிக்கறேன்"னு கேட்டான். பேரை மட்டும் சொல்லி அனுப்பற விஷயம் இல்ல கண்ணு இது, எழுதியே அனுப்பறேன்னு சொன்னேன். எழுத ஆரம்பிச்சா நீண்டுக்கிட்டே போச்சு, அதான் எல்லாரும் படிக்கட்டும்னு இங்க போடறேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நம்ம சேலத்துல உக்காந்து இதப் படிக்கறவங்களுக்கு. இங்க வீட்ல இதச் செய்யக் கூடாது. 1959 ஆயுதச் சட்டம் 5வது பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கறது குற்றம், உங்ககிட்ட துப்பாக்கி லைசென்ஸ் இருந்தாலும் அது துப்பாக்கி வச்சுக்கறதுக்கு, தோட்டா தயாரிக்க இல்ல. 9 எம்எம்மே நம்ம நாட்டுல தடை செஞ்ச குழல் அளவு, அதனாலதான் இங்க லைசென்ஸ் வாங்கறவங்க பெரும்பாலும் .32 ரிவால்வர்லயே நிக்கறாங்க. அமெரிக்காவுல நெலமை வேற, அங்க சொந்த உபயோகத்துக்கு ரீலோடிங் பண்றது சாதாரண பொழுதுபோக்கு, கடையில ரேக்குல அடுக்கி வச்சிருப்பான். இனி எழுதறதெல்லாம் அந்த மாதிரி சட்டம் இடம் கொடுக்கற ஊருக்குத்தான்.

சுட்டு முடிச்ச பித்தளைக் கேஸை எடுத்து, அடியில இருக்கற, பவுடரைப் பத்த வைக்கற பழைய பிரைமரைத் தட்டி எடுத்துட்டு, பழைய அளவுக்கு அமுக்கி, புது பிரைமர் வச்சு, பவுடர் போட்டு, மேல புல்லட்டை உக்கார வைக்கறது, ரீலோடிங்னா இவ்வளவுதான். இதுல கேஸ் கண்ணுக்குத் தெரியும், விரிசல் இருந்தா தூக்கிப் போட்டுடலாம், பிரைமர் சரியா உக்காந்துதான்னு வெரல வச்சுத் தடவிப் பாக்கலாம், புல்லட் வெளியவே நிக்குது. மூடுன பின்னாடி பாக்கவே முடியாத ஒரே பொருள் பவுடர். அது கம்மியா இருந்தாலும் ரெண்டு மடங்கு இருந்தாலும் வெளியில தோட்டா ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால எந்த பவுடர்னு என்னைக் கேட்டா நான் வேகத்தையோ வெலையையோ மொதல்ல பாக்க மாட்டேன். தப்பா விழுந்தா மூடறதுக்கு முன்னாடி அது என் கண்ணுக்குத் தெரியுமா, அதத்தான் மொதல்ல பாப்பேன், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

இந்த பவுடர்னா என்னன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நம்மூர்ல மருந்துன்னு சொன்னாலே கிணத்துக்கு வைக்கற வெடி, மேக்னசைட் குவாரி வெடி, திருவிழா வேட்டுன்னுதான் நெனப்பு போகும். துப்பாக்கிக்கு இப்ப போடறது அது இல்ல. பழைய கரிமருந்து வெடியுப்பு, கந்தகம், கரி மூணும் சேந்தது, புகை மண்டும், குழலெல்லாம் அழுக்காயிடும். 1884ல பிரான்ஸ்ல பால் வியேல்ங்கறவர் நைட்ரோசெல்லுலோஸ்ல இருந்து புகையில்லா பவுடர் செஞ்சார், அதுக்கப்புறம் உலகமே அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. நைட்ரோசெல்லுலோஸ் மட்டும் இருந்தா சிங்கிள் பேஸ், அதோட நைட்ரோகிளிசரினும் சேந்தா டபுள் பேஸ். கார்டைட்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அதுவும் இந்தக் குடும்பம்தான், நம்ம நீலகிரியில குன்னூர் பக்கத்துல அருவங்காட்டுல வெள்ளைக்காரன் காலத்துல இருந்து இன்னிக்கு வரைக்கும் ஓடற கார்டைட் ஃபேக்டரி அதுக்காகத்தான் வந்தது.

இந்த பவுடர் ஒரேயடியா வெடிக்கறது கிடையாது, எரியறது. ஆனா சுத்தி அழுத்தம் ஏற ஏற எரியற வேகமும் ஏறும், வேகம் ஏறினா அழுத்தம் இன்னும் ஏறும், அதுதான் இதோட சுபாவம். திறந்த தட்டுல புஸ்ஸுன்னு எரிஞ்சு போற அதே பவுடர் மூடின கேஸுக்குள்ள ஒரு சதுர அங்குலத்துக்கு ஆயிரக்கணக்கான பவுண்ட் அழுத்தம் கொடுக்கும். எவ்வளவு சீக்கிரம் எரியணுங்கறதை கம்பெனிக்காரன் மணியோட உருவம், சைஸ், மேல பூசற பூச்சு இதையெல்லாம் வச்சு முடிவு பண்றான். சிலது வட்டத் தகடு மாதிரி, சிலது குட்டி உருண்டை, சிலது குச்சி குச்சியா வெட்டினது. அடுப்புல தென்னை ஓலை போடறதுக்கும் வேலங்கட்டை போடறதுக்கும் உள்ள வித்தியாசம்னு வச்சுக்கங்க, ரெண்டும் நெருப்புதான், ஆனா ஒண்ணு குப்புன்னு முடிஞ்சுடும், இன்னொண்ணு நின்னு எரியும்.

கைத்துப்பாக்கிக்குக் குழல் நீளம் கம்மி, புல்லட் வெளிய போக நேரமே இல்ல, அதனால ரைஃபிள் பவுடரை விட வேகமா எரியற பவுடர்தான் வேணும். அதுக்குள்ளயே வேகமானதுல இருந்து மெதுவானது வரைக்கும் வரிசை இருக்கு. வேகமான பக்கம் புல்ஸ்ஐ, டைட்குரூப், விட்டாவோரி என்310. நடுவுல வின்செஸ்டர் 231, என்320, யூனிக், யுனிவர்சல். அதுக்கும் கொஞ்சம் மெதுவா பவர் பிஸ்டல், ஹெச்எஸ்-6. கடைசியில பலமான மேக்னம் தோட்டாவுக்குப் போடற 2400, என்110, ஹெச்110. பர்ன் ரேட் சார்ட்னு இந்த வரிசையைப் போட்டு வச்சிருப்பாங்க. அது யாரு முன்னாடி யாரு பின்னாடிங்கறது மட்டுந்தான், சார்ட்ல பக்கத்து பக்கத்துல இருக்கறதால ஒண்ணோட அளவை எடுத்து இன்னொண்ணுக்குப் போடவே கூடாது. அளவுன்னா அந்த பவுடர் கம்பெனி அந்த புல்லட்டுக்குன்னு போட்டிருக்கற டேட்டா ஒண்ணுதான், ஃபேஸ்புக்ல எவனோ எழுதினதும் கிடையாது, நான் எழுதறதும் கிடையாது.

எந்தத் தோட்டா எவ்வளவு அழுத்தம் தாங்கும்ங்கறதையும் சேத்துப் பாக்கணும். அமெரிக்காவுல SAAMIன்னு ஒரு தொழில் அமைப்பு வச்சிருக்கற உச்ச வரம்புல .38 ஸ்பெஷலுக்கு 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்ட்), .45 ஏசிபிக்கு 21,000, 9 எம்எம்முக்கும் .357 மேக்னத்துக்கும் 35,000. 9 எம்எம் கேஸ் சின்னது, அழுத்தமோ ஜாஸ்தி, அதுல புல்லட்டை கொஞ்சம் ஆழமா அமுக்கிட்டாலே உள்ள இடம் கொறஞ்சு அழுத்தம் சட்டுனு ஏறிடும், வேகமான பவுடரா இருந்தா இது இன்னும் மோசம். பிரைமர் தட்டையாச்சான்னு பாத்தா அழுத்தம் ஜாஸ்தியானது தெரிஞ்சுடும்பாங்க, ரைஃபிளுக்கு ஓரளவு சரி, கைத்துப்பாக்கியில அதை நம்பவே முடியாது, பாக்க ஒண்ணுமே இல்லாம வரம்பு தாண்டியிருக்கும்.

இப்ப .38 ஸ்பெஷலுக்கு வரேன், ஏன்னா பவுடர் தேர்வுல எனக்கு பாடம் சொல்லிக் கொடுத்ததே இந்தத் தோட்டாதான். இது 1898 வாக்குல கரிமருந்துக்குன்னு செஞ்ச கேஸ், சுமார் 21 கிரெயின் கரிமருந்து பிடிக்கற அளவுக்கு உள்ள இடம் (கிரெயின்ங்கறது பவுடருக்கும் புல்லட்டுக்கும் எடை சொல்ற சின்ன அளவு). அதே சமயத்துல வந்தது புல்ஸ்ஐ பவுடர், இன்னிக்கும் விக்கறான். டார்கெட் சுடறவங்க தலைமுறை தலைமுறையா இந்த ரெண்டையும் சேத்துப் போடற லோடு, 148 கிரெயின் வாட்கட்டர்ங்கற தட்டை முனை புல்லட்டுக்கு 2.7 கிரெயின் புல்ஸ்ஐ, பேர் போனது. அருமையா சுடும், குண்டெல்லாம் ஒரே இடத்துல குவியும். ஆனா யோசிச்சுப் பாருங்க, அவ்வளவு பெரிய கேஸ்ல 2.7 கிரெயின் அடியில ஒரு சிட்டிகையா கெடக்கும். கை தவறி ரெண்டாவது தடவை விழுந்தாலும் கேஸ் நெறையாது, மூணாவது தடவை விழுந்தாலும் இடம் இருக்கும். மேல புல்லட்டை அமுக்கிட்டா யாருக்கும் தெரியாது. சுடும்போதுதான் தெரியும், சிலிண்டர் பொளந்துக்கிட்டு.

அதனால புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது, இடத்தை அடைக்கற பவுடரா வாங்குங்க. யூனிக் 1900ல இருந்து இருக்கற பவுடர், பெரிய பெரிய தகடு, பஞ்சு மாதிரி லேசு, ஒரு அளவு போட்டாலே கேஸ்ல பாதிக்கிட்ட கண்ணுக்குத் தெரியும், 9 எம்எம் கேஸ்ல ரெண்டு தடவை விழுந்தா வழிஞ்சு மேல கொட்டிடும். கொட்டினா நல்லது, அதுதான் நமக்கு வேணும். யுனிவர்சலும் இதே மாதிரி நடு ரகம், யூனிக்கை விட சீரா விழும். யூனிக்கோட குறையை மறைக்க மாட்டேன், தகடு பெருசா இருக்கறதால, பவுடரை அளந்து போடற மெஷர் கருவியில ஒரே சீரா விழாது, ஒரு தடவை கொஞ்சம் கூட, ஒரு தடவை கொஞ்சம் கம்மி. கூடவே கொஞ்சம் கரி படியும். நான் அதுக்குக் கவலைப்பட்டதே இல்ல, துடைச்சா போயிடும்.

டைட்குரூப்பை எல்லாரும் தம்பிக்கு சிபாரிசு பண்ணுவாங்க, ஏன்னா கொஞ்சம் போட்டாலே போதும், ஒரு பவுண்டு டப்பாவுல 7,000 கிரெயின், ஒரு தோட்டாவுக்கு 4 கிரெயின்னு கணக்குப் போட்டா 1,750 தோட்டா வருது. பவுடர் கேஸ்ல எந்தப் பக்கம் சாஞ்சு கெடந்தாலும் ஒரே மாதிரி எரியும்ங்கறதும் உண்மைதான், மெஷர்லயும் அழகா விழும். ஆனா மேல சொன்ன, பவுடர் ரெண்டு தடவை விழற டபுள் சார்ஜ் விஷயத்துல இது புல்ஸ்ஐக்கு அண்ணன் தம்பி, தவிர சூடு ஜாஸ்தி, ஈய புல்லட்டும் பூச்சு போட்ட புல்லட்டும் போட்டா புகையும். கொஞ்ச காலம் கை பழகி, ஒவ்வொரு கேஸையும் லைட் அடிச்சு உள்ள பாத்துட்டு மூடற பழக்கம் எலும்புல ஏறின பிறகு வாங்கிக்கலாம், மொத டப்பாவா வேண்டாம். வின்செஸ்டர் 231 குட்டி உருண்டை ரகம், தண்ணி மாதிரி விழும், அளவு மாறவே மாறாது, 9 எம்எம், .38, .45 மூணுக்கும் போடலாம். ஒரே டப்பாதான் வாங்குவேன்னு தம்பி அடம் பிடிச்சா யுனிவர்சல், இல்லாட்டி இது. மெஷர் ஒழுங்கா விழுதுங்கறதும் ஒரு பாதுகாப்புதானே, அந்தக் கணக்குல இதைச் சொல்றேன்.

பேரு விஷயத்துல ரொம்ப கவனம். வின்செஸ்டர் 231ம் ஹாட்ஜ்டன் ஹெச்பி-38ம் ஒரே பவுடர், லேபிள்தான் வேற. வின்செஸ்டர் 296ம் ஹெச்110ம் அதே மாதிரி ஒண்ணு. சரி, அப்ப பேரு கிட்டக்க இருந்தா ஒண்ணுன்னு நெனச்சுடக் கூடாது, ஏன்னா கிளேஸ், இன்டர்நேஷனல் கிளேஸ், யுனிவர்சல் கிளேஸ்னு மூணு இருந்துச்சு, மூணும் வேற வேற வேகம். கடையில அவசரத்துல எடுத்தா முடிஞ்சுது. டேட்டா புக்கையும் டப்பாவையும் பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் திறங்க. மேஜை மேல எப்பவும் ஒரே ஒரு டப்பா, வேலை முடிஞ்சதும் மெஷர்ல மிச்சம் இருக்கறதை அதே டப்பாவுல கொட்டி மூடிடணும். எது என்னன்னு சந்தேகம் வந்துட்டா அந்த பவுடர் போச்சு, விலையை நெனச்சு வச்சுக்கக் கூடாது.

மெதுவான பவுடர் கதை தனி. .357 மேக்னம் 1935ல வந்தது, அதுக்கு முழு பலம் வேணும்னா 2400 இல்லாட்டி ஹெச்110 மாதிரி போடறாங்க, கேஸ் கிட்டத்தட்ட நெறைஞ்சுடும், அதனால டபுள் சார்ஜ் பயமே இல்ல. ஆனா ஹெச்110க்கு வேற ஒரு குணம். சாதாரணமா எந்த பவுடருக்கும் உச்ச அளவுல இருந்து ஒரு 10 சதவீதம் கொறைச்சு ஆரம்பிச்சு மெல்ல மெல்ல ஏத்துவோம். ஹெச்110ல அந்த வேலையே ஆகாது, கம்பெனியே 3 சதவீதத்துக்கு மேல கொறைக்காதேன்னு சொல்லியிருக்கு. கொறைச்சா சரியா பத்திக்காம புல்லட் குழல் நடுவுல நின்னுடும், சத்தம் மட்டும் டப்புன்னு கம்மியா வரும். அது தெரியாம அடுத்ததை சுட்டா குழல் உப்பிடும் இல்ல வெடிச்சிடும். சத்தம் வித்தியாசமா வந்தா எந்தத் துப்பாக்கியா இருந்தாலும் நிறுத்துங்க, இறக்கி வச்சு குழல்ல குச்சி விட்டுப் பாருங்க, போட்டி நடந்துட்டு இருந்தாலும் சரி.

போட்டின்னதும் ஞாபகம் வருது. தம்பி அங்க போய் ஐபிஎஸ்சி, யுஎஸ்பிஎஸ்ஏன்னு அமைப்புங்க நடத்தற துப்பாக்கி மேட்ச்சுக்குப் போவான், அங்க பவர் ஃபேக்டர்னு ஒரு கணக்கு. புல்லட் எடை கிரெயின்ல, வேகம் செகண்டுக்கு எத்தனை அடி, ரெண்டையும் பெருக்கி ஆயிரத்தால வகுக்கணும், மைனர்ங்கற கீழ்ப் பிரிவுக்கு கொறைஞ்சது 125 வரணும். 147 கிரெயின் புல்லட் 850 அடியில போனா 124.95, தேறாது, 870ல போனா 127.9, தேறிடும். எடை கூடின புல்லட்டும் வேகமான பவுடரும் சேத்தா அதே பவர் ஃபேக்டருக்கு கை உதைப்பு கம்மியா தெரியும், ஏன்னா எரிஞ்சு வெளிய தள்ளற பவுடரோட எடையும் உதைப்புல சேருது, பவுடர் கம்மின்னா உதைப்பும் கம்மி. என்320 இதுக்காகவே ஃபின்லாந்துல இருந்து வாங்கிக் குவிப்பாங்க, சுத்தமா எரியும், விலைதான் கொஞ்சம் கூட. இங்க நம்ம ஆட்கள் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல்ல .32 வாட்கட்டர்தான் சுடறாங்க, 2006 தோஹா ஆசிய விளையாட்டுல ஜஸ்பால் ராணா 590 அடிச்சு உலக சாதனையை சமன் செஞ்சது அந்த சென்டர் ஃபயர்லதான். அந்த மாதிரி போட்டியில வேகம் யாருக்கும் வேணாம், ஒவ்வொரு தோட்டாவும் முன்னாடி போனது மாதிரியே போகணும், அவ்வளவுதான்.

தராசு பத்தி ஒரு வார்த்தை. ஒரு கிரெயின் கிட்டத்தட்ட 65 மில்லிகிராம், நாம பாக்கவேண்டியது அதுலயும் பத்துல ஒரு பங்கு, ஆறரை மில்லிகிராம். செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறையில வச்சிருக்கற 10 மில்லிகிராம் தராசு கூட இதுக்குப் போதாது. ரீலோடிங்குக்குன்னே செஞ்ச தராசு வாங்குங்க, தராசு சரியா காட்டுதான்னு பாக்கற செக் வெயிட்டும் சேத்து வாங்குங்க, ஃபேன் காத்து படாத இடத்துல வைங்க. இந்தச் செலவைக் கொறைக்காதீங்க, வேற எதுல வேணா கொறைங்க.

சூடும் ஈரமும் அடுத்தது. ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் நடுவுல 20 கொண்டை ஊசி வளைவுதான், ஆனா மே மாசத்துல கீழ 40 டிகிரிக்கிட்ட காயும்போது மேல அவ்வளவு சூடு இருக்காது. டெக்சாஸ் வெயில் நம்ம சேலம் வெயிலுக்கு சளைச்சதில்ல. சூடான பவுடர் அழுத்தம் கூடக் கொடுக்கும், எவ்வளவு கூடங்கறது பவுடருக்குப் பவுடர் மாறும், அதனால குளிர்காலத்துல உச்ச அளவுக்குப் பக்கத்துல செஞ்ச தோட்டாவை கார் டேஷ்போர்டுல வெயில்ல வச்சுட்டு அப்படியே சுடாதீங்க. மலை மேல காத்து அழுத்தம் கம்மியாச்சே, பவுடர் சரியா எரியுமான்னு ஒருத்தர் கேட்டார். எரியும், அதுக்கு வேண்டிய ஆக்சிஜன் அதுக்குள்ளயே இருக்கு, வெளிக்காத்து தேவையே இல்ல. ஆனா மழைக்கால மூட்டம் மாதிரி ஈரம் ஆகாது. வந்த டப்பாவுலயே மூடி இறுக்கி, குளுமையான காஞ்ச இடத்துல, சமையல்கட்டு பக்கம் இல்லாம வைக்கணும். வேற பாட்டில்ல மாத்தவே கூடாது. திறந்ததும் ஆசிட் மாதிரி மூக்குல ஏறினாலோ, செம்பழுப்பா தூசியோ புகையோ தெரிஞ்சாலோ கெட்டுப் போச்சுன்னு அர்த்தம், உடனே கம்பெனி சொல்ற முறையில அழிச்சிடணும்.

இன்னொரு விஷயம் சேர்வராயன் மலைக்காரங்களுக்கும் கல்வராயன் பக்கத்து ஆளுங்களுக்கும். நாட்டுத் துப்பாக்கி, வாய் வழியா மருந்து கெட்டிக்கிற ரகம், பன்னிக்குன்னு சொல்லி இன்னும் அங்கங்க ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியும், போலீஸும் அப்பப்ப ஒப்படைக்கச் சொல்லிட்டே இருக்கு. லைசென்ஸ் இல்லாம வச்சிருக்கறது தப்புங்கறது ஒரு பக்கம். அந்தக் குழல் கரிமருந்தோட அழுத்தத்துக்குன்னு செஞ்சது, அதுவும் பட்டறையில கிடைச்ச பைப்புல. அதுல எவனோ தோட்டாவைப் பிரிச்சு எடுத்த பவுடரை, கரிமருந்து போடற அதே அளவு போட்டுப் பாத்தா குழல் மூஞ்சியிலயே பொளக்கும். ரெண்டும் கருப்பா இருக்கறதால ஒண்ணுன்னு நெனச்சுடறாங்க, கடைசியில கண்ணு போகுது, வெரல் போகுது. ஒப்படைச்சிடுங்க, தயவு செஞ்சு.

எஸ்டேட் பங்களாவுல தாத்தா காலத்து அலமாரியைத் திறக்கும்போது துருப்பிடிச்ச தகர டப்பாவுல பவுடரோ, பச்சை பூத்த பழைய தோட்டாவோ கெடைச்சா அதையும் கையில எடுத்து ஆட்டிப் பாக்காதீங்க, எரிக்காதீங்க, கிணத்துல போடாதீங்க. இருக்கற எடத்துலயே விட்டுட்டு கதவை சாத்திட்டு ஸ்டேஷனுக்கு ஃபோன் பண்ணுங்க, வந்து எடுத்துட்டுப் போவாங்க.